எந்த ஸ்டேஷனில் இறங்குவீர்கள்?

மும்பைத் தமிழ்க் கிறிஸ்தவ சபையாருக்காகச் சென்ற இதழில் ஒரு வரி எழுதியிருந்தேன்: 'சபைக்குப் புதிதாக வந்தவர்களும், அப்படி வந்தவர்களைப் பார்த்தும் பாராமல் இருந்தவர்களும் எழுதுங்கள்.' முதல் வகையினரின் கடிதங்கள் மேசை இழுப்பறையில் அடங்கவில்லை. இரண்டாம் வகையில் எழுதியவர் ஒரே ஒருவர். அவரும் சபைச் செயலாளர், கடமைக்காக எழுதியிருக்கிறார். பரவாயில்லை, அவருக்கும் பதில் உண்டு.

*

"டீச்சர், நான் நெரூலில் மூன்று பேரோடு ஓர் அறையில் தங்கி, சரக்குப் போக்குவரத்து நிறுவனம் ஒன்றில் கணக்கு எழுதுகிறேன். எட்டு மாதமாக ஒரு தமிழ்ச் சபைக்குப் போகிறேன். முதல் ஞாயிறு ஒரு பெரியவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, 'தம்பிக்கு எந்த ஊர்?' என்றார். சொன்னேன். 'அங்கே எந்தத் தெரு?' என்றார். அதையும் சொன்னேன். பிடித்திருந்த கை தளர்ந்துவிட்டது. அதற்குப் பிறகு 'ஸ்தோத்திரம்' என்பதோடு சரி. கடைசி வரிசையில் உட்கார்ந்து, ஆசீர்வாதம் முடிந்ததும் வந்துவிடுகிறேன். இங்கேயே இருப்பதா, வேறு சபை பார்ப்பதா?"
- நெரூல் வாசகர்

தம்பி, முப்பத்தொரு வருடம் மாநகராட்சித் தமிழ்ப் பள்ளியில் பிள்ளைகளின் கட்டுரையைத் திருத்தியவள் நான். 'பிடித்திருந்த கை தளர்ந்துவிட்டது' என்ற வரியில் சிவப்பு மை வைக்க எனக்கு இடமில்லை. அந்தப் பெரியவர் விசாரித்தது ஊரை அல்ல, சாதியை. ஊர்ப் பெயரில் பிடிபடாதது தெருப் பெயரில் பிடிபட்டுவிடும் என்பது நம் எல்லாருக்கும் தெரியும். தெரியாததுபோல் இருப்பதும் நமக்கு நன்றாக வரும்.

என் கதையையும் சொல்லிவிடுகிறேன். 1982-இல் கல்யாணமாகி, திருநெல்வேலிப் பக்கத்து நாசரேத்திலிருந்து தாராவிக்கு வந்தேன். முதல் ஞாயிறே கோயில் வாசலில் ஓர் அம்மா, 'எந்த ஊர், யார் வீட்டுப் பிள்ளை?' என்று கேட்டார்கள். ஐந்து நிமிடத்தில் அவர்கள் என் தாயாருக்கு ஒன்றுவிட்ட அக்கா முறை என்று தெரிந்துவிட்டது. சாயங்காலம் தூக்குச்சட்டியில் மீன் குழம்பு வீடு தேடி வந்தது. இந்தியில் ஒரு சொல் தெரியாமல், குழாயடியில் சண்டை போட்டு இடம் பிடிக்கத் தெரியாமல் நின்ற எனக்கு அந்தக் குழம்பு என்னவாக இருந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். 'எந்த ஊர்?' என்பதைவிட இனிமையான கேள்வி உலகத்தில் இல்லை என்று வெகுநாள் நம்பியிருந்தேன்.

பிறகு எங்கள் பள்ளிக்கு ஓர் இளம் ஆசிரியை மாற்றலாகி வந்தாள். ஒரு ஞாயிறு அவளைக் கோயிலுக்கு அழைத்துப் போனேன். அதே அம்மா, அதே கேள்வி. ஊரைச் சொன்னாள், தெருவைச் சொன்னாள். 'ஓகோ' என்றார்கள் அம்மா. அவ்வளவுதான். மறுவாரம் அவளுக்குத் தலைவலி. அதற்கடுத்த வாரம் வீட்டில் விருந்தாளி. ஏன் வரவில்லை என்று நான் கேட்கவே இல்லை. கேட்டால் அவள் பதில் சொல்லிவிடுவாளோ என்ற பயம். மீன் குழம்பும் 'ஓகோ'வும் ஒரே கையிலிருந்து வந்தவை என்று ஒப்புக்கொள்ள எனக்கு இன்னும் பல வருடம் பிடித்தது.

அந்தப் பெரியவர்கள் சார்பில் ஒரு வார்த்தை. 1960-களின் பிற்பகுதியில் தென்னிந்தியரை விரட்டச் சொல்லி, லுங்கியைக் கேலி செய்து இந்த நகரத்தின் தெருக்களில் கூச்சல் எழுந்தது. உடுப்பி ஓட்டல்களின் மேல் கல் விழுந்தது. அந்த நாளில் சொந்த ஊர்க்காரன் பக்கத்து வீட்டில் இருக்கிறான் என்பது பெரிய காவல். ஊர் கேட்டுப் பழகியதில் அந்தப் பயத்துக்கும் பங்குண்டு. ஆனால் கூச்சல் ஓய்ந்து அரை நூற்றாண்டு ஆகிவிட்டது. தெருவுக்குப் போட்ட வேலி கோயிலுக்குள்ளே எப்படி வந்தது என்றுதான் கேட்கிறேன்.

எங்கள் பக்கத்தில் முதலூர் என்று ஓர் ஊர் இருக்கிறது. 1799-இல், விசுவாசத்தின் பேரில் சொந்த ஊரில் இருக்க முடியாமல் போனவர்களுக்காகவே உண்டாக்கிய குடியிருப்பு. திருநெல்வேலிக் கிறிஸ்தவர்கள் அப்படி அமைத்த முதல் ஊர், ஆகவே முதலூர். அங்கே முதலில் வந்து குடியேறியவர்கள் அத்தனை பேரும் புதியவர்கள்தான். பழையவர் என்று ஒருவரும் கிடையாது. இன்றைக்கு அந்த ஊரிலிருந்து யாராவது மும்பைக்கு வந்தால் தேங்காய்ப்பாலில் கிண்டிய மஸ்கோத் அல்வா கொண்டுவருவார்கள். நாம் அதைக் கோயில் வளாகத்தில் பிய்த்துத் தின்றுகொண்டே, புதிதாக வந்தவனிடம் தெருப் பெயர் விசாரிக்கிறோம்.

இனி உங்களுக்கு. எங்கள் சபையில் மாட்டுங்கா ரயில்வே பணிமனையில் வேலை பார்த்த ஒருவர் இருந்தார். புதியவர் யார் வந்தாலும் அவர் கேட்பது ஒரே கேள்வி: 'எந்த ஸ்டேஷனில் இறங்குவீர்கள்?' ஊர் கேட்க மாட்டார். சம்பளம், கல்யாணம் எதையும் கேட்க மாட்டார். கோவண்டி என்று சொன்னால், உடனே வளாகத்தைப் பார்த்துக் குரல் கொடுப்பார்: 'மான்குர்த், கோவண்டி பக்கம் யாரம்மா? இவரையும் கூட்டிக்கொண்டு போங்கள்!' மனிதருக்கு டிக்கெட் பரிசோதகர் குரல். அன்றைக்குப் புதியவரோடு யாராவது ஒருவர் ஸ்டேஷனுக்கு நடந்தே ஆக வேண்டும். கோயிலிலிருந்து நடை பத்து நிமிடம், நடைமேடையில் காத்திருப்பது, வண்டிக்குள் நெரிசலில் நிற்பது. கோயிலில் பெஞ்சுக்குப் பெஞ்சு தலையாட்டிக்கொண்டே இரண்டு வருடம் கழித்தாலும் கிடைக்காத பழக்கம் அந்த ஒரு பயணத்தில் கிடைத்துவிடும். வண்டியில் பெரிய பேச்சு எதுவும் இருக்காது. எந்தக் கடையில் நல்ல இட்லி அரிசி கிடைக்கும், எந்த மருத்துவர் காசு பறிக்க மாட்டார், இவ்வளவுதான். புதிதாக வந்தவனுக்கு வேண்டியதும் அதுதான்.

அவர் காலமான பிறகு அந்த வேலையை யாரும் எடுத்துக்கொள்ளவில்லை. நான் கொஞ்ச நாள் முயன்று பார்த்தேன். எனக்கு அந்தக் குரல் இல்லை.

இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள், நீங்கள் மும்பைக்குப் புதியவர். ஆராதனை முடிந்ததும் எல்லாரும் உங்களைத் தள்ளிவிட்டு ஓடுவதுபோல் இருக்கும். பாதிப் பேர் உங்களைக் கண்டு ஓடவில்லை, மெகா பிளாக்கைக் கண்டு ஓடுகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை தண்டவாளப் பராமரிப்புக்காக ஹார்பர் லைனையோ மத்திய லைனையோ பெரும்பாலும் காலை பதினொன்று வாக்கில் நிறுத்துவார்கள். மாலை நான்கு வாக்கில்தான் சரியாகும். நெரூல்காரரான உங்களுக்கு இதற்குள் அனுபவமாகியிருக்கும். பதினொன்றுக்கு முந்தைய வண்டியைப் பிடிக்க ஓடுகிறவரிடம் அன்பை எதிர்பார்க்க முடியாது. அவரோடு சேர்ந்து ஓடலாம். வாஷி, நெரூல், பேலாப்பூர் பக்கம் போகிறவர் உங்கள் சபையில் ஒருவராவது இருப்பார். கண்டுபிடியுங்கள்.

அப்புறம், அந்தக் கடைசி வரிசையை விட்டு எழுந்திருங்கள். ஆராதனை முடிந்ததும் நாற்காலி அடுக்குகிறவர்கள் இருப்பார்களே, அவர்களோடு போய் நில்லுங்கள். அங்கே யாரும் தெருவைக் கேட்க மாட்டார்கள், அடுத்த நாற்காலியை நீட்டுவார்கள். இரண்டு மாதம் பாருங்கள். அப்போதும் கை தளர்வது தளர்ந்தபடியே இருந்தால் தாராளமாக வேறு சபைக்குப் போங்கள், குற்ற உணர்ச்சி வேண்டாம். போவதற்கு முன்னால் போதகரைப் பார்த்து, எனக்கு எழுதிய அந்த ஒரு வரியை அப்படியே சொல்லிவிட்டுப் போங்கள். மரியாதைக்காகக்கூட மாற்றிச் சொல்லாதீர்கள்.

*

"புதிதாக வருகிறவர்களை ஆராதனை நடுவில் எழுந்து நிற்கச் சொல்லி, மைக்கில் பெயரும் குடும்ப விவரமும் கேட்டு, கைதட்டி, ரோஜாப்பூவும் வசன அட்டையும் கொடுக்கிறோம். வருகிறவர்களில் பாதிப் பேர் மறுவாரம் காணோம். பூவுக்குப் பதிலாகப் பேனா கொடுக்கலாம் என்று கமிட்டியில் ஒரு யோசனை. தங்கள் கருத்து?"
- ஒரு சபைச் செயலாளர், கல்யாண்

ஐயா, பூவில் குற்றமில்லை. மைக்கை அணையுங்கள்.

2011-இல் என் கணவர் காலமானார். நாங்கள் சேர்ந்து உட்காரும் பெஞ்சில் தனியாக உட்கார முடியாமல் சில வாரம் வேறொரு கோயிலுக்குப் போனேன். யாருக்கும் தெரியாமல் ஓர் ஓரத்தில் உட்கார்ந்து அழுதுவிட்டு வரலாம் என்றுதான் போனேன். முதல் வாரமே எழுந்து நிற்கச் சொன்னார்கள். 'அம்மா குடும்பமாக வந்திருக்கிறீர்களா?' என்று ஒரு பிள்ளை சிரித்த முகத்தோடு மைக்கை நீட்டினான். அவன்மேல் எனக்குக் கோபமில்லை. அவனிடம் கொடுத்த தாளில் அந்தக் கேள்விதான் இருந்தது. நான் பெயரை மட்டும் சொன்னேன். கைதட்டினார்கள். எதற்குத் தட்டினார்கள் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

புதிதாக வருகிறவர் என்ன சுமையோடு வருகிறார் என்று உங்களுக்குத் தெரியாது. வேலை போனவர் இருப்பார். இன்னொரு சபையில் சண்டை போட்டுவிட்டு வந்தவர் இருப்பார். வீட்டைவிட்டு வெளியேறிய மகள் இருப்பாள். முந்நூறு பேர் முன்னால் அவர்கள் எந்தக் குடும்ப விவரத்தைச் சொல்வார்கள்?

ஆசிரியர் வேலையில் நான் கற்ற ஒரு வித்தையைச் சொல்கிறேன். ஜூனில் பள்ளி திறந்ததும் வகுப்பில் ஐம்பத்தெட்டுப் பிள்ளைகள் இருப்பார்கள். முதல் நாள் பெயர் கேட்பது எல்லா ஆசிரியரும் செய்வது. இரண்டாம் நாள் பதிவேட்டைப் பார்க்காமல் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் பிள்ளை நிமிர்ந்து உட்காருவான். அந்த வருடம் முழுவதும் அவன் உங்கள் பக்கம். ஆகவே வாசலில் இரண்டு பேரை நிறுத்துங்கள். பாட்டுப் புத்தகம் கொடுக்கும்போது மெதுவாகப் பெயர் கேட்கட்டும், மறைவாக ஒரு நோட்டில் எழுதிக்கொள்ளட்டும், சனிக்கிழமை இரவு ஒரு முறை படித்துவிட்டுப் படுக்கட்டும். மறுவாரம் 'வாருங்கள்' என்பதோடு பெயரையும் சேர்த்துச் சொல்லட்டும். பேனா வாங்குகிற காசை மிச்சம் பிடிக்கலாம்.

உங்கள் கட்டடத்தில் அடுத்து மராத்தி ஆராதனை என்றும், அவர்கள் வாசலில் காத்து நிற்பதால் உபசரிக்க இடமில்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள். மும்பையில் பல கோயில்களில் இதே கதைதான். ஒரு கூரையின் கீழ் மூன்று மொழி, மூன்று நேரம். இடம் வளாகத்துக்குள்தான் இருக்க வேண்டும் என்று யார் சொன்னது? வெளியே தேநீர்க் கடை இருக்கிறது. ஒரு கட்டிங் சாய் குடிக்க எவ்வளவு நேரமாகும்? அப்புறம், காத்து நிற்கிற அந்த மராத்தி சபையாரில் ஒருவர் பெயராவது உங்களுக்குத் தெரியுமா? கேள்வியாகவே விட்டுவிடுகிறேன்.

*

"ஊரில் தென்னிந்தியத் திருச்சபையில் திடப்படுத்தல் (சபையின் முழு உறுப்பினராகும் சடங்கு) பெற்றவள் நான். திருமணத்துக்குப் பின் தானேவுக்கு வந்திருக்கிறேன். இங்கே அருகில் இருப்பது வட இந்தியத் திருச்சபைக் கோயில். மறுபடி எல்லாவற்றையும் தொடக்கத்திலிருந்து செய்ய வேண்டுமா? ஊர்ச் சபையிலிருந்து கடிதம் அவசியமா?"
- புதுமணப்பெண், தானே

வேண்டாம் அம்மா. தென்னிந்தியத் திருச்சபையான சி.எஸ்.ஐ. உருவானது 1947 செப்டம்பர் 27-ஆம் தேதி சென்னையில். வட இந்தியத் திருச்சபையான சி.என்.ஐ. உருவானது 1970 நவம்பர் 29-ஆம் தேதி நாகபுரியில். இரண்டும், மார்த்தோமா சபையும், ஒன்றையொன்று முழுமையாக ஏற்றுக்கொண்ட சபைகள். உங்கள் ஞானஸ்நானமும் திடப்படுத்தலும் இங்கேயும் செல்லும். அப்பமும் ரசமும் பெறும் திருவிருந்தில் பங்குபெறத் தடையில்லை.

கடிதம் வாங்கிவிடுங்கள். அது வெறும் காகிதம் என்று இளையவர்கள் அலட்சியமாக இருக்கிறார்கள். வீட்டில் ஒரு கல்யாணம் வந்து கோயிலில் ஓலை (திருமண அறிவிப்பு) வாசிக்க வேண்டியிருக்கும், அல்லது திடீரென்று ஓர் அடக்கம் வரும். அன்றைக்குப் பதிவேட்டில் பெயர் இல்லை என்று அலைகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். கடிதம் கொண்டுவருவது பழைய வழக்கம்தான். வேதாகமத்தில் ரோமர் நிருபத்தின் கடைசி அதிகாரத்தைத் திறந்து பாருங்கள்: கெங்கிரேயா ஊரிலிருந்து வருகிற பெபேயாளை ஏற்றுக்கொள்ளுங்கள், அவளுக்கு எதில் உதவி வேண்டுமோ அதில் உதவுங்கள் என்று பவுல் எழுதியிருக்கிறார். அதை வாசிக்கும்போதெல்லாம் அவள் கையில் ஒரு கடிதச் சுருளோடு ரோமாபுரித் தெருவில் வழி கேட்டு நிற்பதுபோல் எனக்குத் தோன்றும். உங்கள் ஊர்ப் போதகரிடம் வெறும் படிவத்தை நிரப்பித் தராமல் உங்களைப் பற்றி இரண்டு வரி எழுதித் தரச் சொல்லுங்கள். பாடகர் குழுவில் இருந்தீர்களா, ஓய்வுநாள் பள்ளியில் கற்றுக்கொடுத்தீர்களா என்று. இங்கே இருக்கிறவர்களுக்கு உங்களை எங்கே கூப்பிடுவது என்று தெரியும்.

*

"என் அறைத்தோழி இந்துப் பெண். பாட்டு பிடித்திருக்கிறது என்று என்னோடு கோயிலுக்கு வருகிறாள். திருவிருந்து நேரத்தில் எல்லாரும் எழுந்து முன்னால் போகும்போது அவள் மட்டும் தனியாக உட்கார்ந்திருக்கிறாள். பின்னால் இருந்த ஒரு ஆன்ட்டி 'நீயும் போம்மா' என்று தள்ளிவிட்டார். என்ன செய்வது?"
- கல்லூரி மாணவி, செம்பூர்

முதல் வேலை, அடுத்த முறை வீட்டிலிருந்து கிளம்பும்போதே சொல்லிவிடு: இன்ன நேரத்தில் இன்னது நடக்கும், திடப்படுத்தல் பெற்றவர்கள் போவார்கள், நீ உட்கார்ந்திருக்கலாம், அதில் குறை ஒன்றுமில்லை. தெரியாமல் உட்கார்ந்திருப்பவளுக்குத்தான் எல்லாரும் தன்னையே பார்ப்பதுபோல் இருக்கும். இரண்டாவது, ஒரு வாரம் நீயும் போகாமல் அவள் பக்கத்திலேயே உட்கார்ந்துகொள். போதகர் இதைப் படித்தால் என்னிடம் வருத்தப்படுவார்; படட்டும், நான் சமாதானம் சொல்லிக்கொள்கிறேன். அவளாக எதையும் கேட்கும்வரை அவளை யாரும் 'ஆத்தும ஆதாயம்' என்று மதம் மாற்றப் புறப்படாமல் பார்த்துக்கொள்வதும் உன் பொறுப்பு. அந்த ஆன்ட்டியிடம் நீ ஒன்றும் சொல்ல வேண்டாம். இந்த இதழை அவர் வீட்டில் வாங்குகிறார்களா என்று மட்டும் விசாரி.

*

"அசனப் பண்டிகை விருந்துக்குச் சபையில் இல்லாதவர்களும் வந்து சாப்பிட்டுவிட்டுப் போகிறார்கள். கடைசிப் பந்தியில் கறி இல்லை. டோக்கன் விற்கலாமா?"
- பண்டிகைக் குழு உறுப்பினர், தாராவி

எண்ணிக்கை தெரிவதற்கு டோக்கன் கொடுங்கள். விலை போடாதீர்கள். கறி குறைந்தால் கமிட்டியார் கடைசிப் பந்தியில் உட்காருங்கள், தானாகவே அளவு சரியாகிவிடும்.

2005 ஜூலை 26 நினைவிருக்கிறதா? ஒரே நாளில் சாந்தாகுரூசில் 944 மில்லிமீட்டர் மழை. பள்ளியிலிருந்து இடுப்பளவுத் தண்ணீரில் நடந்து, வழியில் ஒரு கோயில் மண்டபத்தில் ஏறிக்கொண்டேன். எந்தச் சபை என்றுகூடப் பார்க்கவில்லை. யாரோ பெரிய அண்டாவில் சோறு வடித்துக்கொண்டிருந்தார்கள். பக்கத்துச் சேரிக்காரர்கள், வழிப்போக்கர்கள், காரை விட்டுவிட்டு வந்த ஒரு சேட் எல்லாரும் ஒரே வரிசையில் உட்கார்ந்தோம். வெறும் சோறும் பருப்பும்தான். அன்றைக்கு எல்லாரும் எல்லாவற்றையும் மறந்து ஒன்றாகிவிட்டோம் என்று எழுத எனக்கும் ஆசைதான். ஆனால் நனைந்த சேலையோடு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்த ஒரு பாட்டி, முதல் கவளத்தை வாயில் போட்டுவிட்டு, 'உனக்கு எந்த ஊர்?' என்று கேட்டதும் உண்மை.

*

"என் பேரன் தமிழ் பேசுவான், படிக்கத் தெரியாது. பாமாலைப் பாட்டுப் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு வெறுமனே வாயசைக்கிறான். இப்போது கோயிலுக்கே வர மறுக்கிறான்."
- பாட்டி, டோம்பிவிலி

பிறந்த நாளிலிருந்து அந்தச் சபையில் இருக்கிற பையனும் புதியவனாகிவிட்டான், பாருங்கள். தமிழாசிரியை நான் இதை எழுதக் கூடாது, எழுதுகிறேன்: அந்தந்த வாரப் பாட்டுகளின் தமிழ் வரிகளை ஆங்கில எழுத்தில் அச்சடித்துக் கொடுக்கச் சொல்லுங்கள். முதலில் வாய் திறந்து பாடட்டும். எழுத்தைக் கற்றுக்கொடுக்க நான் இருக்கிறேன், சனிக்கிழமை மாலை கூட்டிவாருங்கள். சம்பளம் வேண்டாம். முறுக்கு மட்டும் போதும், தேங்காய் எண்ணெயில் சுட்டது.

*

"டீச்சர், நீங்கள் எந்த ஊர்?"
- வாசகர், வடாலா

இறங்குவது ஜி.டி.பி. நகர். பெண்கள் பெட்டி.